கழுத்துக்குப் போகும் கை

பதிப்பாளரின் மேசைமேல் இரண்டு அட்டைப்படங்கள் கிடந்தன. ஒன்றில் திறந்த கதவு, இன்னொன்றில் மூடிய கதவு.

"மூடியிருந்தாத்தான் மேடம், வாங்குறவனுக்கு உள்ளே என்ன இருக்கோன்னு பதறும்," என்று பதிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலே, கழுத்தின் இடப்பக்கத்துக்குப் போயிருந்தது. எட்டு வருடப் பழக்கம் அது. விரல்கள் காதுக்குக் கீழே தொடங்கி மெல்ல இறங்கும். தோளெலும்புக்கு மேலுள்ள பள்ளத்தில் சற்று நிற்கும். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திரும்பிவிடும்.

அன்று திரும்பவில்லை. பள்ளத்தில் ஒன்று இருந்தது. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. அழுத்தினால் வலிக்கவில்லை. வலிக்காததுதான் கெட்ட செய்தி என்பது அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க மேடம், எது?"

"மூடினதே இருக்கட்டும்," என்றாள். கடைசி அத்தியாயங்களை எப்போது தருவாள் என்பது வரை பேசிவிட்டு, வணக்கம் சொல்லி, படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். ஜெராக்ஸ் கடை வாசலில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் துப்பறியும் நாவல்கள் எழுதுகிறவள். கொலை, கடத்தல், காணாமல்போன பிணம். அடுக்குமாடியில் எதிர்ப்படுகிறவர்கள், "இப்ப யாரைத் தீர்த்துக்கட்டிட்டு இருக்கீங்க?" என்றுதான் நலம் விசாரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "மெதுவாப் பேசுங்க, பட்டியல்ல உங்க பேரும் இருக்கு," என்பாள். பயமுறுத்துவது அவள் தொழில். இருபது வருடங்களாக அதில்தான் சோறு.

எட்டு வருடங்களுக்கு முன் முதன்முதலாகக் கழுத்தில் கட்டி வந்தபோது, நிணநீரில் வருகிற புற்றுநோய் என்றார் டாக்டர். வெட்டியெடுக்கிற பேச்சில்லை, மருந்துதான். "இது ஆளை உடனே சாய்க்கிற வகை இல்ல. ஆனா விருந்தாளி மாதிரி. போறேன்னு சொல்லிட்டுப் போவான், மறுபடி வந்து கதவைத் தட்டுவான்." முடி கொட்டியது, வாய் வெந்தது, பிறகு எல்லாம் அடங்கியது. நாலு வருடம் கழித்து அக்குளில் தட்டினான். மறுபடியும் மருந்து, முன்னைவிடக் கடுமையாக.

அந்த இரண்டாம் முறையில்தான் பக்கத்து நாற்காலியில் பேருந்து ஓட்டுகிற ஓர் அம்மா இருந்தாள். இவளைவிடப் பத்து வயது சின்னவள், மார்பில் நோய். கையில் ஊசியோடு உட்கார்ந்து இவள் எழுதிய புத்தகத்தையே படித்துக்கொண்டிருந்தாள். எழுதியது யார் என்று தெரிந்ததும், "அக்கா, கொலைகாரன் யாருன்னு சொல்லிடுங்க. முடிக்கிறதுக்குள்ள நான் போயிட்டா ஆறவே ஆறாது," என்று கெஞ்சினாள். மனசு கேட்காமல் இவளும் காதோடு சொன்னாள். அடுத்த வாரம் அந்த வார்டு முழுவதற்கும், தரை துடைக்கிறவர் வரைக்கும், கொலைகாரன் யாரென்று தெரிந்திருந்தது. "சாகப்போறேன்னு நெனச்சுத்தானேக்கா சொன்னீங்க? சாகலையே, என்ன பண்றது?" என்று ஓட்டுநர் அம்மா கூசாமல் சிரித்தாள். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

இப்போது மூன்றாம் முறை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாவலை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே ஒரு சாக்கு வைத்துக்கொண்டாள். உண்மையில் வாய் வரவில்லை. காலையில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கட்டியை அழுத்திப் பார்ப்பாள். நேற்றைவிடப் பெரிதா? கண்ணாடியில் பார்ப்பாள், விளக்கை அணைத்துவிட்டு விரலால் மட்டும் பார்ப்பாள். தோல் சிவந்து கன்றிப்போகும். அப்புறம் அந்தக் கன்றலே வேறொரு பயத்தைக் கொடுக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதுவேதான். முழங்கால் வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது. இருமினால் நுரையீரல். ஒரு சொல் நினைவுக்கு வராவிட்டால் மூளை.

எழுத உட்கார்ந்தால் இன்னொரு அவஸ்தை. ஒரு பெண் அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறாள், வெளியே அறைக்குள் கொலைகாரன் நடக்கிறான். இதுபோல இருபது காட்சிகள் எழுதியிருப்பாள். நெஞ்சு படபடக்கும், நெற்றி வியர்க்கும், மூச்சை அடக்கிக்கொள்வாள் என்று கை தானாக ஓடும். இப்போது எழுதியதைப் படித்துப் பார்த்தால் எல்லாம் பொய்யாக இருந்தது. அவளுடைய நிஜமான பயம் அப்படி ஒன்றும் செய்யவில்லை. அது பாத்திரம் கழுவியது. துணி மடித்தது. மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தது. எதிர்வீட்டுக்காரியின் தங்கை கல்யாணத்தைப் பற்றி அரைமணி நேரம் விசாரித்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவள் கேலி செய்கிற அளவுக்குப் பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"லிஃப்ட்ல கோளாறுன்னா முதல்ல சத்தம் மாறாது. உள்ளே இருக்கிறவங்க பேச்சுதான் மாறும். அது ஒரு மாதிரி குலுங்கும்போதே, சும்மா வர்ற ஆளெல்லாம் சளசளன்னு பேச ஆரம்பிச்சிருவாங்க."

"அதுக்கென்ன இப்போ?"

"ஒரு வாரமா நீ ரொம்பப் பேசுற. அதுவும் இந்தப் புழுக்கத்துல கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். என்ன என்று கேட்கவில்லை. "எங்கே?" என்றுதான் கேட்டார்.

அவள் பொத்தானைக் கழற்றி, அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் கிரீஸ் வாடை போகாத விரல். அது அங்கே வைத்தபடியே நின்றது.

"எப்போலேருந்து?"

"அட்டைப்படம் பார்க்கப் போனேனே, அன்னைக்கு."

"எங்கிட்டகூடச் சொல்லல."

"சொன்னா நிஜமாயிடும்னு..."

"சொல்லாட்டி மட்டும் பொய்யாயிடுமா?"

அவருக்குக் கோபம் வந்ததுபோலத்தான் இருந்தது. ஆனால் வாஷரை எடுக்கக் குனிந்தவர் எடுக்காமலே குனிந்து நின்றார். குழாய் மாட்டும் வேலை மாலைவரை அப்படியே கிடந்தது. இருவரும் குளியலறையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சமைத்தார்கள்.

டாக்டர் அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காட்டாத முகத்தையும் படித்துவிடலாம் என்று அவள் உற்றுப் பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

"வந்தது வந்திருக்குன்னே வச்சுக்குவோம்," என்றார் டாக்டர். "அதைப் பத்தி எனக்குப் பெரிய கவலை இல்ல. ஒரு துண்டு எடுத்துப் பார்க்கணும். அதே ஆள்தானா, இல்ல குணம் மாறிட்டானான்னு தெரியணும்."

"குணம்னா?"

"இது சாதுவான வகை. நிதானமா வளரும், மருந்துக்கு அடங்கும். சில பேருக்குக் கொஞ்ச வருஷம் போனா முரடா மாறிடும்."

"மாறியிருந்தா?"

"அப்போ வேற பேச்சு," என்று சொல்லிவிட்டு டாக்டர் கைகழுவப் போனார்.

வேற பேச்சு. அந்த இரண்டு சொற்களும் வீட்டுக்கு அவர்களோடு வந்தன. கழுத்தில் கத்தி வைத்துத் துண்டு எடுத்தார்கள், தையல் போட்டார்கள். முடிவுக்கு ஒரு வாரம் என்றார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தினமும் போனில் கூப்பிடுவாள். "குரல் ஏன்மா ஒரு மாதிரி இருக்கு?" என்றபோது, "ஜலதோஷம்டி," என்று புளுகினாள். பக்கத்திலிருந்த கணவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அந்த வாரத்தில் அவள் நினைப்பெல்லாம் ஓட்டுநர் அம்மாவிடம் போனது. பேசி ஒரு வருடத்துக்கு மேலிருக்கும். கடைசியாகப் பேசியபோது, "முதுகு வலிக்குதுக்கா, சீட்டு சரியில்ல போல," என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு இவள் கூப்பிடவில்லை. சண்டையில்லை, வேலைப்பளுவும் இல்லை. கூப்பிட்டு வேறு யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். முடிவு தெரிவதற்கு முந்தைய நாள், பயத்தின் மேல் பயம் ஏறி, இனி தாங்காது என்று எண்ணை அழுத்தினாள்.

வேறு யாரோ எடுத்தார்கள். இளம்பெண் குரல்.

"அம்மா இருக்காங்களா?"

"அம்மா இல்லைங்க."

இவள் போனை வைத்துவிட்டாள். பட்டென்று, சூடுபட்டதுபோல. வேலை முடிந்து வந்த கணவரிடம், "டிரைவர் போயிட்டாங்க," என்றாள்.

"யார் சொன்னா?"

"பொண்ணு."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "பாவம், சிரிச்சுக்கிட்டே இருக்கும் அந்தத் தங்கச்சி," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து புறப்பட இருந்தார்கள். அதற்குள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டதாக அவருக்கு அழைப்பு வந்தது. "நீ பஸ்ல வந்துடு. எடுத்துவிட்டுட்டு நேரா அங்கே வந்துடறேன்," என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பேருந்து மருத்துவமனை நிறுத்தத்தில் நின்றது. கதவு திறந்தது. கையில் எக்ஸ்ரே உறையோடு ஒருவர் இறங்கினார், கைத்தடியோடு ஒரு தாத்தா இறங்கினார். அவள் எழுந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கை கம்பியை விடவில்லை. விடு என்று மனம் சொன்னது. கேட்கவில்லை. கதவு மூடியது, பேருந்து கிளம்பியது. மருத்துவமனையின் நீளமான வெள்ளைச் சுவர் ஜன்னலில் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கியபோது எதிரில் ஒரு செருப்புக் கடை. வெயிலுக்கு ஒதுங்குகிறவள்போல உள்ளே போய் உட்கார்ந்தாள். கடைக்காரர் வந்து முன்னால் குந்தினார்.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

அவர் அவள் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு பெட்டியோடு வந்தார். வலது காலில் ஒன்றை மாட்டிவிட்டார். "இதை வாங்கிக்குங்க. ரொம்ப நாள் உழைக்கும்."

"எவ்வளவு நாள்?"

அவள் கேட்ட விதத்தில் அவர் சற்று மிரண்டார். "அது... நடக்கிறதைப் பொறுத்துதுங்க."

போன் அடித்தது. கணவர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் அவரே. மூன்றாவதாக அடித்தபோது திரையில் ஓட்டுநர் அம்மாவின் பெயர் இருந்தது. அந்த அம்மாவின் மகள்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள். துக்கம் விசாரிக்கக்கூட வாயில்லாமல் போனை வைத்தவள் யாரென்று தேடிப் பிடித்திருக்கிறாள். எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்னக்கா, கூப்பிட்டுட்டுப் பட்டுன்னு வச்சிட்டீங்களாம்? யாரோ ஒரு அம்மான்னு பொண்ணு சொன்னா. பார்த்தா உங்க நம்பர்."

அதே குரல்.

"அக்கா? இருக்கீங்களா?"

"நீ... நீ இருக்கியா?"

"இருக்கேனே. ஏன்?"

"உன் பொண்ணு அம்மா இல்லைன்னு சொன்னாளே."

ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "அடக் கடவுளே! போனை வச்சுட்டு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன்கா. அதுக்குள்ள என்னைக் கொன்னு போட்டீங்களா? உங்களுக்கு இதே பொழப்பாப் போச்சு!"

செருப்புக் கடையில் ஒரு காலில் புதுச் செருப்போடு உட்கார்ந்து அவள் சிரித்தாள், அழுதாள். கடைக்காரர் எழுந்து தள்ளிப் போய் ஏற்கெனவே நேராயிருந்த பெட்டிகளை நேராக்கினார்.

"ஸ்கேன்னா சொன்னே?" என்று பிறகு கேட்டாள்.

"ம். முதுகுல ஏதோ தெரியுதாம், என்னன்னு இன்னும் சொல்லல. சீட்டு மேல பழி போட்டேன் பாருங்க, சீட்டு பாவம்." ஓட்டுநர் அம்மாவின் குரல் இறங்கியது. "ஸ்டியரிங் பிடிச்சா கை நடுங்குதுக்கா. ஜனங்களை ஏத்திக்கிட்டு அப்படி ஓட்டக்கூடாது. லீவு போட்டுட்டேன். வீட்டுல முதுகு வலின்னு தெரியும். நடுங்குறது தெரியாது."

"எனக்கும் வந்திருக்கு. இன்னைக்கு ரிசல்ட்டு. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்காம வந்துட்டேன்."

"இப்போ எங்கே இருக்கீங்க?"

"செருப்புக் கடையில."

"வாங்கியாச்சா?"

"ஒரு கால்ல போட்டிருக்கேன்."

"இன்னொண்ணையும் போடுங்க. போட்டுக்கிட்டு நடங்க. நான் லைன்லயே இருக்கேன். எனக்கும் இங்கே தனியா உட்கார முடியல."

அவள் நடந்தாள். காதில் ஓட்டுநர் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்ட கதை, தங்கள் டிப்போ மேலாளரின் குறட்டை. "ரோடைத் தாண்டும்போது பேசாதீங்க, ரெண்டு பக்கமும் பாருங்க," என்று நடுவில் ஓர் அதட்டல். வெள்ளைச் சுவர் வந்ததும் இவள் நின்றாள்.

"வந்துட்டேன்."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்டி."

"சரி, போங்க. என்னன்னு தெரிஞ்சதும் சொல்லுங்க. உங்களுது தெரிஞ்சா, என்னுது தெரிஞ்ச மாதிரி இருக்கும்னு ஒரு கிறுக்கு."

வாசலில் கணவர் நின்றிருந்தார். சட்டையெல்லாம் கறை, முகம் வெளுத்துக் கிடந்தது. எங்கே போனாய் என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், புதுச் செருப்பைப் பார்த்தார், "வா," என்றார்.

டாக்டர் காகிதத்தைப் புரட்டி நிமிர்ந்தார். "அதே ஆள்தான். குணம் மாறல."

பிறகு டாக்டர் புது மருந்து ஒன்றைப் பற்றிச் சொன்னார். போன முறை இல்லாத மருந்து. முடி கொட்டாது, ஆனால் முதல் நாள் சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும், அன்று மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும்.

"முழுசாப் போயிடுமா?" என்று கேட்டாள்.

"அடங்கிடும். அப்புறம் வரலாம். நாலு வருஷமோ நாலு மாசமோ, அதைச் சொல்றதுக்கு என்கிட்ட ஜோசியம் இல்ல."

"அப்போ நாங்க சந்தோஷப்படலாமா டாக்டர்?" கணவர் கேட்டார். விளையாட்டாக இல்லை, தெரியாமல்தான் கேட்டார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். "இன்னைக்குப் படலாம்."

கீழே போக லிஃப்டில் ஏறினார்கள். வேறு யாருமில்லை. கதவு மூடியது. அவர் பொத்தானை அழுத்தவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பியவள், அவர் கதவைப் பார்த்தபடி அழுதுகொண்டிருப்பதைக் கண்டாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. முதல் முறையும் இரண்டாம் முறையும் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நகராத பெட்டிக்குள் இருவரும் நின்றார்கள். பிறகு மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், லிஃப்ட் அவர்களைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. கதவு திறந்து, தள்ளுவண்டியோடு வந்த ஒரு நர்ஸ், "கீழேயா?" என்றாள். "கீழேதான்," என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அன்று மாலை மகளிடம் உண்மையைச் சொன்னாள். "ஜலதோஷமாம் ஜலதோஷம்! உங்க கதையில வர்ற போலீஸ்காரனாவது கொஞ்சம் நல்லாப் பொய் சொல்லுவான்," என்று மகள் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்திவிட்டு, லீவு போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஓட்டுநர் அம்மாவுக்கு முதுகெலும்பில் ஒரே ஓர் இடத்தில் வந்திருந்தது. அவளுக்குக் கதிர்வீச்சு என்று முடிவாயிற்று. தினமும் காலையில் இருவரும் போனில் பேசினார்கள். சில நாள் இருவருக்குமே பேச ஒன்றுமிருக்காது. போனை வைக்கவும் மாட்டார்கள்.

நாவலையும் முடித்தாள். அலமாரிக்குள் ஒளிந்திருந்த பெண், வெளியே காலடி கேட்கக் கேட்க, அங்கே தொங்கிய துணிகளை இருட்டில் ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பதிப்பாளர், "எதுக்கு மேடம் துணி மடிக்கிறா? ஆளுக்கு உயிர் போகுது!" என்று போனில் கேட்டார். "இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள்.

மருந்து ஏற்றும் நாள் வந்தது. ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. நர்ஸ் முழங்கைக்குக் கீழே தட்டித் தட்டி நரம்பைத் தேடினாள். பழைய மருந்துகளில் நரம்பெல்லாம் கயிறாய் இறுகியிருந்தன. இரண்டு முறை குத்தித் தவறி, மூன்றாவதில் கிடைத்தது. காய்ச்சல் வந்தால் சொல்லணும், மூச்சு முட்டினால் சொல்லணும், நெஞ்சு அழுத்தினால் உடனே சொல்லணும் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அவளுக்கு அது வருவதுபோலவே இருந்தது.

"இப்போ நெஞ்சு அழுத்துது," என்றாள்.

"இன்னும் மருந்தே போடலைங்கம்மா," என்றாள் நர்ஸ்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை. அவர் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்த மருந்தையே, ஏதோ புதிதாகப் பொருத்திய யந்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள். மூடினால் எதையோ கவனிக்காமல் விட்டுவிடுவோம் என்ற பயம். கொஞ்ச நேரத்தில் உடம்பு நடுங்கத் தொடங்கியது. இரண்டு கம்பளிகள் போர்த்தினார்கள். மகள் ஒரு காலையும் கணவர் ஒரு காலையும் பிடித்துத் தேய்த்தார்கள். பல் கிட்டிக்கொண்டு, இது மருந்தின் நடுக்கமா தன் நடுக்கமா என்று தெரியாமல், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வேகத்தைக் குறைத்தாள். நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் இமை கனத்தது. பயந்தபடியேதான் இருந்தாள். பயந்தபடியே தூங்கிப்போனாள்.